பாஷாணத் தாத்தா மீசை எடுத்த கதை

பாய்மரத் தோணி கடல்ல ஓடுன காலமாம். தூத்துக்குடிக்கு மேக்க நடுவக்குளத்துல வெயிலுகந்தான்னு ஒருத்தரு பல்பொடி போட்டு வித்தாராம். டப்பாமேல அவரு மொகத்தையே அச்சடிச்சு ஒட்டுவாராம். முறுக்கிவிட்ட மீசை. எழுத்துத் தெரியாத சனமெல்லாம் மீசையப் பாத்துத்தான் வாங்குமாம்.

யாவாரம் ஓடுச்சு. ஓடவும் ஆசை தலைக்கேறிட்டு. தலைக்கு எண்ண போட்டாராம், மீசைய ஒட்டுனாராம். துணிக்கு நீலம் போட்டாராம், மீசைய ஒட்டுனாராம். மாட்டுப் புண்ணுக்கு மருந்து போட்டாராம், அதுக்கும் மீசை. "கொழும்பு, ரங்கூன், பினாங்கு, எங்க போனாலும் என் மொகந்தான் நிக்கணும்ட்டி"ன்னு பொண்டாட்டி வடிவுகிட்ட பீத்துவாராம்.

கடைசியில எலிப் பாஷாணம் போட்டாரு. அதே டப்பா, அதே மீசை.

"இதுக்காவது வேற படம் போடுங்க"ன்னா வடிவு.

"பேரெடுத்த மொகம் இருக்க, எவன் மொகத்தத் தேடச் சொல்லுத?"ன்னாரு.

அறுபது பெட்டி துறைமுகத்துக்குப் போயிட்டு.

மறுநா காலையில, விருந்துக்கு வந்த மாமியா பிச்சைக்கனி கிணத்தடியில உக்காந்து, பல்பொடின்னு நெனச்சு பாஷாணத்தத் தொட்டு வாய்க்குக் கொண்டுபோறா. பாத்துட்டாரு! "அத்தே!"ன்னு பாய்ஞ்சு ஒரே தட்டு. டப்பா ஒரு பக்கம், மாமியா ஒரு பக்கம்.

"ஐயோ, சிட்டிகைப் பொடிக்கு மருமவன் என்னைய அடிச்சுட்டானே!"

தெருவே கூடிட்டு. அவரு, "அத்தைக்கு நான் இருந்தேன். ரங்கூன்ல தட்டிவிட யாரு இருக்கா?"ன்னு சொல்லிக்கிட்டே வண்டியப் பூட்டுனாராம்.

துறைமுகத்துல பாதிப் பெட்டி தோணியில ஏறியாச்சு. "எறக்குங்கய்யா, எறக்குங்க!"

"ஏன் அண்ணாச்சி, சரக்கு கெட்டுப்போச்சா?"ன்னான் தோணிக்காரன்.

"சரக்கு நல்ல சரக்கு. மொகந்தான் தப்பு."

அத்தனையும் ஊருக்குத் திரும்பிட்டு. இனி பாஷாணத்துக்கு வேற மொகம் வேணுமே! பூசாரியக் கேட்டாரு, கதவச் சாத்திக்கிட்டாரு. பங்காளியக் கேட்டாரு, "என் மூஞ்சியப் பாத்தா எலி சாகுமால?"ன்னு அருவாளத் தூக்கிட்டு வந்தானாம். ஒருத்தரும் குடுக்கல.

கடைசியில நாவிதரு முன்னால இவரே உக்காந்தாராம். மீசைய வழிச்சாரு. தலைய மொட்டையடிச்சாரு. கண்ணச் செருகி, நாக்கத் தொங்கவிட்டு, "இப்பிடியே செதுக்குப்பா"ன்னு அச்சுக்கட்டை செய்யிறவன்கிட்ட காட்டுனாராம். வடிவு சிரிச்சாளாம், அப்பறம் முந்தானையால கண்ணத் தொடச்சாளாம். மறுபடி மீசை வச்சா ரெண்டு டப்பாவுலயும் ஒரே ஆளுதான்னு சனம் கொழம்பிரும்னு, சாகுற வரைக்கும் அந்த மனுசன் மீசையே வைக்கல. தெருவுல போனா பிள்ளைக அலறி ஓடுமாம்.

பல்பொடியும் போச்சு, எண்ணயும் போச்சு. ஆனா இன்னைக்கும் நடுவக்குளத்துல நெல்லு போட்டு வைக்கிற அறைக் கதவுல நாக்குத் தொங்குன மொட்ட மொகம் ஒண்ணு கரியால வரைஞ்சிருக்கும். வீட்டுக்கு வந்த மருமவளுக்குச் சாமி அறையக் காட்டுறதுக்கு முன்னாடி அதத்தான் காட்டுவாக. "இந்த மொகம் இருக்குற சாமான வாயில வச்சிராத தாயி"ன்னு சொல்லுவாக. அவளும் கும்பிட்டுக்கிடுவா.

வெளியூராளு, "இது என்ன சாமி?"ன்னு கேப்பாக.

"சாமி இல்ல, எங்க பாஷாணத் தாத்தா. தெரியாமத் தின்னு இந்த ஊருல ஒரு உசுரு போனதில்ல."