கதவிடுக்கில் தெரிந்த செருப்பு

“மூணு வருஷ உழைப்பு, மேடம்! அத்தனையும் தப்புன்னு எழுதிடுங்கன்னு காய் நறுக்குற மாதிரி சொல்றீங்களே!”

“நறுக்கித்தானே ஆகணும், சார்? அழுகல் கண்ணுல பட்டுடுச்சே.”

“நூத்துப் பதினெட்டுத் தாள்!”

“தாள் இல்ல சார், குழந்தைங்க. அதான் அவசரம்.”

குழந்தைகளின் கவனத்தையே கவனித்து, அவர்களின் கலக்கத்துக்கும் காரணம் கண்ட கல்வியாளரே! கருவி காட்டிய கணக்கோடு நில்லாமல் கண்ணால் கண்டறிந்த ஆய்வாளரே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்களைத் திட்டியும் தேற்றியும் வழிநடத்திய பெருந்தகையே! பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் புள்ளியியலாளரோடு தாங்கள் நடத்திய அந்த வாக்குவாதத்தைச் சொல்லாமல் தங்களை வழியனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

அன்று அறையின் மூலையில் ஒதுங்கி நின்றவர் எங்கள் தேர்வு உதவியாளர். கையில் எப்போதும் நிறுத்துக்கடிகாரம் இருப்பதால் எல்லோருக்கும் அவர் ‘டிக்டிக் அக்கா’. அந்தத் தாள்கள் எல்லாம் அவர் கையெழுத்து. குழந்தையைச் சின்ன நாற்காலியில் உட்காரவைப்பார். தாயை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார். திரையில் வட்டம் வரும்போதெல்லாம் குழந்தை பொத்தானை அழுத்த வேண்டும். எத்தனை வட்டங்களைத் தவறவிட்டதோ அந்த அளவுக்குக் கவனக் குறைபாடு என்று பள்ளிக்குக் கடிதம் போகும்.

ஒருநாள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அறுபது வட்டங்களில் முப்பத்தொன்றைத் தவறவிட்டாள். அவள் போனதும், தாங்கள் அந்தச் சின்ன நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தீர்கள்.

“கதவைச் சாத்தும்மா. அவங்கம்மா நின்ன இடத்துல போய் நில்லு.”

அக்கா போய் நின்றார். சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது: “உன் செருப்பு தெரியுது!”

நின்றபடியே அறையைச் சரிபார்த்துப் பழகிய எங்களில் ஒருவர் கண்ணிலும் கதவின் அடியிலிருந்த அந்த இடைவெளி பட்டதில்லை. சிறுமிக்குக் கவனம் இல்லாமல் இல்லை. அம்மாவின் செருப்பு அங்கேயே இருக்கிறதா, போய்விட்டதா என்பதிலேயே அவள் கவனம் முழுவதும் இருந்தது.

டிக்டிக் அக்காவுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். தன் எழுத்தால் எத்தனை பிள்ளைகள்மேல் பழி விழுந்ததோ என்ற பதைப்பு அதைவிடப் பெரிது.

“நான்தான் மேடம் கதவைச் சாத்தினேன்.”

“சாத்தச் சொன்னது யாரு? என் பேரை எழுது.”

எழுதினோம், தவறை ஆய்விதழிலும் வெளியிட்டோம். பெற்றோருக்கு முதல் தொலைபேசி அழைப்பைத் தாங்களே செய்தீர்கள். எதிர்முனையில் ஒரு தகப்பனார் கொதித்தார்: “பொண்ணு மேல முத்திரை குத்திட்டு, இப்ப மன்னிப்புக் கேட்டா சரியாப் போச்சா?”

“சரியாப் போகாதுங்க. நாளைக்கு நேர்லயே வந்து திட்டுங்க. வரும்போது பொண்ணையும் கூட்டிட்டு வாங்க.”

வந்தார், திட்டினார், தேநீரும் குடித்தார். தாயையோ தந்தையையோ அறைக்குள்ளேயே அமரவைத்து நடத்திய மறுதேர்வில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் முடிவு மாறியது. பெற்றவர் பக்கத்தில் இருந்தும் வட்டத்தைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு உரிய சிகிச்சை தடையின்றித் தொடர்ந்தது. பயந்த பிள்ளையையும் கவனம் நிலைக்காத பிள்ளையையும் பிரித்தறியும் தங்கள் முறையைத்தான் இன்று புதிதாக வருவோர் எல்லோரும் முதலில் கற்கிறார்கள்.

ஆண்டுகள் பல நலமோடும், ஆசைதீரத் தூங்கும் இரவுகளோடும், அலாரம் அடிக்காத காலைகளோடும் தாங்கள் வாழ வேண்டும்! இப்படிக்கு, தங்களிடம் திட்டு வாங்கியே தேறிய ஆய்வகத்தார் ஒன்பது பேர்.

மேடையில் கேட்கக்கூடாத ஒன்று பாக்கி இருக்கிறது. தவறை ஊரறியச் சொன்ன தங்களிடம் ஒளித்துக் கேட்கவும் தெரியவில்லை. மறுதேர்வுக்கு நூற்றுப் பதினேழு பேர் வந்தார்கள். ஒரு குடும்பம் மட்டும் வீடு மாறிப் போயிருந்தது. கடிதங்கள் திரும்பி வந்தன. அந்த வீட்டுப் பெண்ணுக்கு இப்போது பத்தொன்பது வயது. நேற்று அவளே அழைத்தாள், அக்காதான் எடுத்தார்.

“எனக்குக் கவனமே நிக்காதுன்னு நீங்க எழுதிக் குடுத்ததை நம்பித்தான் படிப்பை விட்டேன். அது நிஜமா இல்லையான்னு எழுதினவங்களே என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்.”

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறாள். அன்று தாங்கள் பணியில் இருக்க மாட்டீர்கள். எங்கள் எல்லோருக்குமாக டிக்டிக் அக்கா கேட்கிறார்: “மேடம், அன்னைக்கு ஒருநாள் மட்டும் வர்றீங்களா?”