ஒரு சொட்டுகூட வாயில படக்கூடாது

– இன்னாது? தொடையில ஊசி போட்டா சரி, வாயில சொட்டு மருந்து வுட்டா மட்டும் கூடாதா? யாரு சொன்னா அப்படி, கீதாஞ்சலி?

– வேற யாரு, நீங்கதான் சிஸ்டர். ஆறு மாசம் தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டு தண்ணிகூட புள்ள வாயில படக்கூடாதுன்னு இதே வாசல்ல நின்னு சொன்னீங்க. அதான் போன வாரம் உங்களுக்குப் பதிலா வந்த பொண்ணுகிட்ட எங்க வூட்டுக்காரரு, ‘ஊசியப் போட்டுக்க தாயி, அந்த சின்ன பாட்டில உள்ள வெய்யி’ன்னுட்டாரு.

– ஐயோ சாமி! கோபாலா அப்படிச் சொன்னாரு? உங்க ரெண்டு பேருக்கோசரம் இந்த ஷோபனா பஸ் ஏறி வந்து, காட்டுல ஒரு மணி நேரம் நடக்கணுமா? மருந்து வேறம்மா, தீனி வேற!

– அத அப்பவே சொல்லலாமில்ல! எம் மாமியா, சாமைக் கஞ்சித் தெளிவ நாக்குல தொட்டு வெக்கட்டுமான்னு கெஞ்சுச்சு. மாமனாரு தேன் எட்த்தாந்து ஒரு விரலாச்சும்னாரு. முந்தானைய இடுப்புல சொருவிக்கினு குறுக்க நின்னேன். பேர் வெக்கிற அன்னிக்கி பூசாரி தீர்த்தம் தெளிச்சாரா, இவுரு துண்டால புள்ள வாய மறைச்சிட்டாரு. ஊரே சிரிச்சுது.

– சிரிச்சா சிரிக்கட்டும். இந்தா, தராசுல போடு. அடேங்கப்பா, நாலு கிலோ முன்னூறு! பொறந்தப்போ ரெண்டே முக்காலு. அம்பது நாள்ல தொடையப் பாரு தொடைய!

– கண்ணு வெக்காதீங்க.

– என் கண்ணு படாது, போ. வயித்தால கியித்தால போச்சா?

– ஒன்னுமில்ல. எனக்கும் ஒடம்பு நல்லாத்தான் கீது. மூத்தவளப் பெத்தப்போ நிக்காம போச்சே ரத்தம், இவனுக்கு பொறந்த ஒடனே பால் குடுத்ததுல சட்டுனு நின்னுடுச்சு. வயிறும் உள்ள பூட்ச்சு. அவளுக்கு சக்கரத் தண்ணி, அது இதுன்னு குட்த்துட்டு மாசம் ஒருவாட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். இவனயும் கையில ட்ரிப்ஸ் குத்திப் பாக்க என்னால ஆவாது சிஸ்டர். அதான் இந்தப் பிடிவாதம்.

– நல்ல பிடிவாதம்தான். இந்த மருந்தால ஒங் காவலு கெடாது.

– சத்தியமா?

– சத்தியமா. எங்க, வாயத் தொறடா ராசா... அவ்ளதான், முடிஞ்சிச்சு.

– ஐயே, இன்னா அழுவ அழுவுறான்! எந் தங்கத்துக்குக் கசக்குதா?

– எடுத்து பால் குடு, அடங்கிடுவான்.

– குடுக்கறேன், குடுக்கறேன். சிஸ்டர், இப்டி திரும்புங்க. உங்க ஜாக்கெட்டு ஏன் நனைஞ்சு கீது?

– வேர்வ. மலையேறி வந்தேனில்ல.

– வேர்வைக்கு முதுகு காஞ்சிருக்குமா? எம் புள்ள அழுத சத்தத்துல ரெண்டு பக்கமும் வட்டமா நனையுது. யார்கிட்ட கத வுடுறீங்க? நானும் பெத்தவதான்.

– வுடு கீதா. கார்டக் குடு, எழுதணும்.

– எத்தினி மாசம் ஆவுது?

– அஞ்சு. பொம்பளப் புள்ள. உங்க பக்கம் வேலைக்கு வந்தப்போ ரெண்டு மாசம்.

– அடப்பாவி! ஒரு வார்த்த சொல்லலியே! பகல்ல அதுக்கு இன்னா குடுக்கறாங்க?

– பீச்சி வெச்சிட்டுத்தான் வர்றேன். பத்து மணிக்கெல்லாம் தீந்துடும். அப்பறம் அம்மா பவுடர் பால் கலக்கி புட்டியில குடுக்குது. டெம்பரரி வேல. லீவு கேட்டா வேற ஆளப் போட்டுருவாங்க. நேத்து நாலு வாட்டி வயித்தால போச்சு பாப்பாவுக்கு. ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரியறேன், எம் புள்ளைக்குக் குடுக்க முடியல. வெக்கமா கீது கீதா. உங்க மாமியா கிட்ட சொல்லிடாத.

– அழாத ஷோபனா, மூக்கத் தொடச்சிக்க. நாளையிலேர்ந்து பாப்பாவத் தூக்கினு வந்து இங்க வுட்டுட்டுப் போ. மலையில மத்த வூடுங்கள சுத்திட்டு மத்தியானம் வந்து நீ குடு. நடுவுல அழுதா நான் குடுக்கறேன், எனக்கு மாரு ரெண்டு இருக்குதில்ல!