மூன்று தேசிக்காய்

நீங்கள் பொலிஸ்காரருக்கு மொழிபெயர்க்க வசதியாக மெதுவாகவே சொல்கிறேன், தங்கச்சி. ரயரின் பக்கச் சுவரில் ஆணி ஏறினால் ஒட்டுப் போடக் கூடாது, புது ரயர்தான் மாற்ற வேண்டும். லண்டன் குட்மேய்ஸில் என் ரயர் கடைக்கு வருகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்லுவேன். ஓடும்போது அந்தச் சுவர் வளைந்து வளைந்து சூடேறும், ஒட்டு நிற்காது. சிலர் முகத்தைச் சுழிப்பார்கள். தொழிலில் நான் கறார்.

அன்று காலை பிறேமினி காரைக் கொண்டுவந்தாள். என் மனைவி. என்னை விட்டுவிட்டு பேர்மிங்காமில் தமையன் வீட்டோடு இருக்கப் போவதாக முதல் நாளே சொல்லியிருந்தாள். பின் சீற்றில் எங்கள் மகள் லக்சிகா. வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ரயர் விஷயத்தில் அவள் என்னைத் தவிர யாரையும் நம்பமாட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"இஞ்சேருங்கோ, இடப்பக்கப் பின் ரயரில காத்துப் போகுது. பாத்துத் தாங்கோ, வெளிக்கிடோணும்."

ஆணி பக்கச் சுவரில்தான் ஏறியிருந்தது. அதே அளவில் புது ரயர் தலைக்கு மேலே தட்டில் கிடந்தது. நான் உள்ளே ஒட்டுப் போட்டு, காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

"மோட்டர்வேயில ஓட ஏலுமோ?"

"ஓம், பயப்பிடாமப் போ."

அவள் வழியில் எங்காவது நின்றுவிட வேண்டும், என்னைக் கூப்பிட வேண்டும், நான் போய் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கூப்பிட்டது நீங்கள். ரயர் வெடித்து, கார் தடுப்பில் மோதி, பிறேமினிக்குக் கால் முறிந்தது என்றீர்கள். பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டாள் என்றும் சொன்னீர்கள். அழுகை வரவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

கொல்ல நினைத்தேனா என்று இவர் கேட்கிறார். இல்லை. தூரப் பயணம் போகிறவர்களுக்கு வழியில் ஆபத்து வராமலிருக்க, காரின் நான்கு சில்லுக்குக் கீழேயும் தேசிக்காய், எலுமிச்சைதான், வைத்து நசிக்க விடுவது எங்கள் வழக்கம், அதை இவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். அன்றும் நானே கும்பிட்டு வைத்தேன். லக்சிகா கண்ணாடியை இறக்கிக் கீழே பார்த்தாள்.

"அப்பா, என்ர பக்கம் வைக்கேல்லையே?"

"காணும் குஞ்சு, வைச்சது போதும்" என்றேன்.

மூன்று சில்லுக்கு வைத்தேன். ஒட்டுப் போட்டதற்கு வைக்கவில்லை. சாமி காரியத்தில் நான் பொய் செய்வதில்லை.