தோப்புக்கரணம்

கெலமங்கலத்தில் கிளம்பிய கம்பெனி பஸ்ஸில், சீட் காலியாக இருந்தும் செல்வி உட்காரவில்லை. அந்த சீட்டுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த, வயதில் மூத்த தொழிலாளி காரணம் கேட்டாள்.

"தொடை புடிச்சுக்கிட்டு கால் மடங்க மாட்டேங்குதுக்கா. பிள்ளையார் கோயில்ல தெனம் நூறு தோப்புக்கரணம்."

"அப்பிடி என்ன வேண்டுதல்?"

"மாமியாரும் வேண்டுதல்னுதான் நெனச்சிட்டிருக்காங்க. வீட்ல போட்டா சிரிப்பாங்க. நெஞ்சுக்கும் வயித்துக்கும் மட்டும் கதவச் சாத்திட்டு தண்டால் எடுக்கறேன். தம்பி கத்துக்குடுத்தான்."

"எதுக்குடி இதெல்லாம்?"

"பொம்பளைங்களுக்கு லோடிங் செக்‌ஷன் வேணாம், பெட்டிய தூக்க மாட்டாங்கன்னு சூப்பர்வைசர் சொன்னாரில்ல."

"தூக்கிடுவியா?"

"நேத்து சாப்பாட்டு நேரத்துல தூக்கிப் பாத்துட்டேன். இன்னிக்கு அவர் முன்னாடி தூக்கணும்."

அடுத்த ஸ்டாப்பில் சூப்பர்வைசரே ஏறினார். செல்வி காலி சீட்டைக் காட்டினாள்.

"நீங்க உக்காருங்க சார். நான் நின்னுக்குவேன்."