முட்டையை நாய்க்குப் போட வைத்த பேச்சு

"என்ற ஊட்டுக்காரரைப் பட்டினி போட்டது நீதான் அம்மணி!"

பீளமேடு போகும் பஸ்ஸில் ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சொன்னார். இருவரும் ஒரே காலனி. அந்தப் பெண் ரத்தப் புற்றுநோயை ஆராய்கிறவர்.

"நானுங்களா அத்தை?"

"புரதத்தை அழிச்சா ரத்தப் புற்றுநோய் அடங்கும்னு காலனிக் கூட்டத்துல நீதான பேசுன? டாக்டர் தெனமும் முட்டை திங்கச் சொல்றாரு. அதே நோயை வெச்சுக்கிட்டு இவரு முட்டை, பருப்பு எல்லாத்தையும் நிறுத்திப்போட்டாரு. எந்திரிச்சு நடக்கத் தெம்பில்ல. முட்டையெல்லாம் தின்னு எங்க நாய் கொழுத்துக் கெடக்குது!"

"அய்யோ, நாங்க அழிக்கறது நோய் புடிச்ச செல்லுக்குள்ள இருக்கற ஒரே ஒரு புரதத்தைங்க. தட்டுல இருக்கறதை இல்லீங்க."

"அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

நியாயமான கேள்வி. மேடை ஏறினால் முழுசாகச் சொல்லித் தொலைக்க வேண்டும்.

"சாயங்காலம் ஊட்டுக்கு வந்து மாமாகிட்டச் சொல்றனுங்க."

"அப்பறம் உனக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு சொல்லுவாரு."

அந்த அம்மா வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் அழுத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"இத்தனை பேரும் சாட்சி. சத்தமாச் சொல்லு கண்ணு, அவரு முட்டை திங்கலாமா, கூடாதா?"