பதினோராவது கூறு

மணி பகல் பன்னிரண்டு. சிரிக்காதீர்கள்... பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? காணை ஊரைத் தாண்டி மேற்கே போகிற மண் ரோடு. சித்திரை வெயில். ஒரு காக்கை கூட இல்லை. அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார் அப்பாதுரை, நம் கூட்டாளி செல்வகுமாருடைய சித்தப்பா. வருஷம் தொண்ணூற்றேழு.

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

அன்று காலை அவர், பாறை ஓவியம் பார்க்க வந்த மாசிலாமணி என்ற வாத்தியாருக்கு ஏணி தூக்கிக்கொண்டு குன்றுக்குப் போயிருந்தார். பாறையில் செங்காவியில் பத்து மனித உருவங்கள். எல்லாம் ஒரே உயரம்.

"இத வரைஞ்சவங்க, வேட்டையில கிடைச்சத அன்னிக்கே கூறு போட்டுத் தின்னுடுவாங்க அப்பாதுரை. பெரியவன், சின்னவன் கிடையாது. அப்புறம் எவனோ ஒருத்தன் நாளைக்குன்னு எடுத்து வெச்சான். பானை வந்துச்சு, வெதை வந்துச்சு, காவல் வந்துச்சு. இவங்க கதை அத்தோட முடிஞ்சுச்சு" என்றார் வாத்தியார்.

"வெச்சிக்காம எப்டி சார் பொழைக்கிறது?" என்று அப்பாதுரை சிரித்தார். ஆடிக்கு விதைக்க ஆறு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வீட்டில் வைத்திருப்பவர், சிரிப்பு வராதா? கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து மனைவி தனத்துக்கு அப்போதுதான் ஏழாம் மாசம். அவர் நினைப்பெல்லாம் நாளையைப் பற்றித்தான்.

வாத்தியார் பஸ் ஏறிவிட்டார். தனியாகத் திரும்பும்போது குன்றடியில், பாறைக் குடைவின் நிழலில்... டக். டக். கல்லால் எலும்பை உடைக்கிற சத்தம். ரோமம் பொசுங்கிய வாடை. பத்துப் பேர் குந்தியிருந்தார்கள். முயல் அடிக்கிற ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார். புரச இலைகளில் கறி, பத்துக் கூறு. ஒருவன் மட்டும் நிமிர்ந்து பார்த்தான். எல்லாக் கூறிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, பதினோராவதாக ஓர் இலையில் வைத்து நீட்டினான்.

கூறு கறியை யார் வேண்டாம் என்பார்கள்? "ரொம்ப சந்தோஷம்பா" என்று துண்டில் முடிந்துகொண்டார்.

தனம் பாதியைக் குழம்பு வைத்தாள். மீதியில் உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, உப்புக்கண்டம் போட்டுக் கொடியில் தொங்கவிட்டாள். எந்த வீட்டிலும் செய்வதுதான்.

மறுநாள் பன்னிரண்டு மணி. மூட்டை இருந்த அறைக்குள்... டக். டக். கதவைத் திறந்தார். ஆறு சாக்கும் காலி. தரையில் பரப்பிய புரச இலைகளின் மேல் விதை மல்லாட்டை. பதினோரு கூறு, சரிசமமாக. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்துக் கூறு மறைந்துவிட்டது. ஒன்றுதான் மிச்சம்.

கறியைக் கொண்டுபோய்ப் பாறையடியில் வைத்தார். அங்கே யாரும் இல்லை. வீட்டுக்கு வந்தால் கொடியில் அதே கயிறு, அதே கறி. தின்றே தீர்த்துவிடலாம் என்று தனம் அடுப்பில் ஏற்றினாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கொதித்தும் அது வேகவில்லை.

அடுத்து நெல் போனது. அதற்கடுத்த நாள் கேப்பை. பிறகு புருஷனும் பெண்டாட்டியுமே முந்திக்கொண்டார்கள். ஊறுகாய் ஜாடியைக் கூடக் கவிழ்த்துக் கழுவினார்கள். மீந்த சோறு நாய்க்கு. இன்றைக்கு வாங்கி இன்றைக்கே தின்றார்கள். மந்திரிக்கிறவர் வந்தார், வாசற்படி தாண்டாமலே திரும்பிப் போய்விட்டார். அப்பாதுரைக்கு அழுகைதான் வந்தது.

எட்டு நாள் சத்தமில்லை. கொடியில் அந்தக் கறியும் இல்லை.

ஒன்பதாம் நாள், பதினொன்றே முக்கால். தனம் பாயில் சாய்ந்தபடி கேட்டாள்.

"எல்லாத்தையும் ஒழிச்சிட்டோம். நாளைக்குன்னு வெச்சிக்கினு இருக்கறது இனி நம்மகிட்ட இன்னாங்க இருக்குது?"

கேட்டுவிட்டு, அவளே மெதுவாக வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அவளை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று எழுந்தார். எங்கே ஓடுவது? எங்கே போனாலும் வயிற்றில் இருப்பது கூடவே வருமே... ரோமம் பொசுங்கிய வாடை. குனிந்து பார்த்தார்.

பாயைச் சுற்றிப் புரச இலைகள். இப்போதுதான் பறித்தவை, காம்பில் ஈரம் காயவில்லை. ஒன்றிலும் எதுவும் வைக்கவில்லை. எண்ணினார். பதினொன்று.

பதினோராவது இலை அவர் காலருகே இருந்தது.