கண்ணாடியில் இடது பக்கம்

பழைய கேமரா வாங்குகிறவர்கள் முதலில் அதை முகர்ந்து பார்க்க வேண்டும், சார்ஜென்ட். லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தால் மழைக்காலத்தில் மூட்டையாகக் கட்டி வைத்த துணியின் வாடை அடிக்கும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்பதில்லை. வெளியே மின்னும் வெள்ளி விளிம்பைப் பார்த்து மயங்கி வாங்கிவிடுவார்கள். பிறகு, "க்ளைவ், கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்று என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நானும் பார்த்துச் சொல்வேன். ஹோபார்ட்டில் ஃபிலிம் கேமரா வைத்திருக்கும் பாதிப் பேருடைய ஷட்டரை நான்தான் திறந்து சுத்தம் செய்திருக்கிறேன். யாரும் என்னைக் கெட்டவன் என்று சொன்னதில்லை.

எங்கள் கேமராச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால் அவருடைய கேமராக்கள் கடைக்குப் போகாது. மூனாவில் இருக்கும் சங்க மண்டபத்தில் நீள மேஜை போட்டு அதில் பரப்பி வைப்போம். சங்கத்தில் மூத்தவர் முதலில் ஒன்றை எடுப்பார், பிறகு அடுத்தவர். எடுத்தவர் அந்த மாதத்துக்குள் அதில் ஒரு சுருள் படம் எடுத்து, நல்ல படம் ஒன்றை இறந்தவர் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். கேமரா இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அந்த வீட்டுக்குச் சொல்லும் முறை அது.

ரெக்ஸ் ஆஸ்ட்லியிடம் ஒரு ரோலைஃப்ளெக்ஸ் இருந்தது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த பெட்டிக் கேமரா. அவருக்கு அடுத்த மூத்தவன் நான். அவர் சாவுக்காகக் காத்திருந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவர் இருமும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேமரா ஞாபகம் வரும், அவ்வளவுதான். போன குளிர்காலத்தில் ரெக்ஸ் போனார். மேஜை போட்டோம். ரோலைஃப்ளெக்ஸ் மட்டும் அதில் இல்லை.

அவர் மனைவி நோரீனிடம் போய்க் கேட்டேன்.

"அதை பிரெண்டனுக்குக் குடுத்துட்டேன் க்ளைவ். ஆசையாக் கேட்டான்."

"மேஜைக்கு வந்திருக்கணும் நோரீன். அதான வழக்கம்?"

"ரெக்ஸ் படுத்த படுக்கையா கிடந்தப்ப கூரைத் தண்ணிக் குழாயெல்லாம் இலை அடைச்சுக் கிடந்துச்சு. உங்க வழக்கமா ஏணி போட்டு ஏறுச்சு? அந்தப் புள்ளைதான் ஏறுனான்."

இலை அள்ளுவதற்கும் ரோலைஃப்ளெக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஏணி வேண்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் ஏறியிருப்பேன்.

பிரெண்டன் பல் டாக்டர். சங்கத்தில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல பையன், அதை மறைக்க மாட்டேன். எல்லோரையும் சிரிக்க வைப்பான். அவன் மேல் கோபப்பட ஒரு காரணமும் தரமாட்டான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்தக் கேமராவை அவன் என்ன செய்தான் தெரியுமா? கண்ணாடி அலமாரியில் வைத்து, மேலே சின்னதாக ஒரு விளக்கும் போட்டான். ஃபிலிம் போடவில்லை. அழுத்தாத ஷட்டர் உள்ளுக்குள் இறுகிப்போகும், சார்ஜென்ட். அந்த ஷட்டரை ரெக்ஸுக்காகச் சுத்தம் செய்து கொடுத்தவன் நான். ஒவ்வொரு கூட்டத்திலும் பிரெண்டனிடம் கேட்டேன்.

"ஃபிலிம் போட்டியா?"

"போடறேன் தலைவரே. நல்ல நாளாப் பாக்கறேன்."

"கேமராவுக்கு என்னடா நல்ல நாள்? தாலியா கட்டப்போற?"

"என் பொண்டாட்டி செலஸ்ட்டும் அதான் கேக்கறா. ராத்திரி அந்த அலமாரிப் பக்கத்துலயே பாயைப் போட்டுக்கோங்கறா."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். நோரீனுக்குப் படம் போகவில்லையே என்று ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே. மாதங்கள் போயின. நான் வீட்டுக்கு வந்து என் பழைய கேமராக்களைத் துடைப்பேன்.

கடைசியில் அவனே ஃபோன் செய்தான். நோரீனுக்கு ஒரு படம் எடுத்துக் கொடுக்கணும், கூட வந்து சொல்லிக் கொடுங்க தலைவரே என்றான். டாஸ்மன் தீபகற்பத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். ரெக்ஸுக்குப் பிடித்த இடம். தடுப்புக் கம்பியைத் தாண்டி, தூண்டில் போடுகிறவர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய தடம் ஒன்று செங்குத்தான பாறை விளிம்பு வரை போகிறது. கடலுக்குள் தனியாக நிற்கும் பாறை அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் கம்பியைத் தாண்டுகிறார்கள், உங்களுக்கும் தெரியும்.

அன்று காற்றில் உப்புத் துளி இருந்தது. ரோலைஃப்ளெக்ஸை என்னிடம் கொடு, முதலில் இதில் பழகு என்று என்னுடைய கேமராவை அவன் கழுத்தில் மாட்டினேன். அதே வகைதான். குப்பைக் கிடங்கை ஒட்டிய பழைய சாமான் கடையில் வாங்கியது. ஷட்டர் சொன்ன பேச்சைக் கேட்காது.

இந்த வகைக் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேல் மூடியைத் திறந்து, குனிந்து உள்ளேயிருக்கும் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அதில் காட்சி இடம் வலம் மாறித் தெரியும். பாறை கண்ணாடியின் இடது ஓரத்தில் நழுவினால், நிஜத்தில் அது உங்கள் வலது பக்கம் இருக்கிறது. வலது பக்கம் நகர வேண்டும். புதிதாகப் பிடிக்கிற யாரும் இடது பக்கம்தான் நகர்வார்கள். பாறை இன்னும் நழுவும். இவர்களும் விடாமல் அதைத் துரத்துவார்கள். மண்டபத்தில் இப்படித் துரத்தி நாற்காலியில் இடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அலமாரியில் பூட்டி வைத்தவனுக்கு இது எப்படித் தெரியும்? சொல்லிக் கொடுக்க ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை.

அவனுக்கு இடது பக்கத்தில் விளிம்பு இருந்தது. அவன் கண் கண்ணாடியை விட்டு எழவில்லை.

"பாறை ஓடிப்போகுது தலைவரே."

"இடது பக்கம் நகரு."

"நகர்ந்துட்டேன். இன்னும் ஓடுது. என்னைக் கண்டாலே ஆகலை போல."

"இன்னும் கொஞ்சம் போ. அவசரப்படாத."

போனான்.

நான் ரோலைஃப்ளெக்ஸை உறையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன், உப்புக்காற்று என்பதால். பிறகு உதவிக்கு ஃபோன் செய்தேன். கால் வழுக்கிவிட்டது என்று உங்களிடம் முதலில் சொன்னது பொய். அதைத் திருத்தத்தான் வந்தேன். ஆனால் திட்டம் போட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். திட்டம் போடுகிற ஆள் நான் இல்லை. பல மாத எரிச்சல் அந்த ஒரு நொடியில் நாக்குக்கு வந்துவிட்டது. ரெக்ஸின் கேமராவை ஒரு ஆள் இப்படிச் சாகவிடலாமா என்பதுதான் என் கேள்வி. அது உங்கள் கணக்கில் வராது, தெரியும்.

நேற்று செலஸ்ட் வந்தாள். முக்குளித்தவர்கள் அவனோடு அவன் கழுத்தில் இருந்த என் கேமராவையும் மேலே கொண்டுவந்தார்கள் அல்லவா, அதைப் பற்றிப் பேச.

"கடல் தண்ணில நனைஞ்ச ஃபிலிமைக் கூடக் கழுவிப் படம் எடுக்கலாமாமே. உங்களாலதான் முடியும்னு எல்லாரும் சொல்றாங்க. கடைசியா அவன் என்ன பாத்தான்னு எனக்குத் தெரிஞ்சா போதும் க்ளைவ். எவ்வளவு நாளானாலும் காத்திருக்கேன்."

நீங்களும் அதையேதான் கேட்டீர்கள். கேமராவை வாளித் தண்ணீரிலேயே போட்டு வைத்திருப்பது சரி, உலர்ந்தால் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் பெண்ணைக் காக்க வைக்க வேண்டாம். வாளியைக் கொட்டிவிடுங்கள். கேமராவில் ஃபிலிம் இல்லை. இருக்கா தலைவரே என்று பிரெண்டன் கேட்டான், இருக்கு என்று சொல்லிவிட்டேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சுருளைக் கையில் எடுத்தேன்தான். இது எப்படியும் கடலுக்குத்தானே போகப்போகிறது என்று திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.